விஷுவமும் நமது வாவிக்கரைப் பகலும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டு விழாவில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நான் அஞ்சினேன். திருமுறை ஓதுவோரும் புராண படனஞ் செய்வோரும் அமர்ந்திருக்கும் சபை இது. நானோ மிஷனரிமார் தொடக்கிய கல்லூரி ஒன்றிலே படித்து, இப்பொழுது வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவன். சமயப் பொருள் பேச எனக்குத் தகுதி போதாது. ஆகையால், நான் படிக்கும் விஞ்ஞானத்திலிருந்து, நமது சமய வாழ்வைத் தொடுகின்ற சிறு பொருளொன்றை எடுத்துக்கொண்டேன். பகலும் இரவும் சமமாகும் நாள் எது, அந்நாள் நமது மட்டக்களப்பு மண்ணில் எப்படித் தோன்றுகிறது என்பதே அது.

இப்பொருள் என் மனத்தில் எழுந்த வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். சென்ற சித்திரை வருடப்பிறப்பன்று என் அம்மப்பா எனக்குத் தலையில் மருத்துநீர் வைத்துவிட்டுச் சொன்னார்:

“மனே, இண்டைக்கு விஷு. பகலும் முப்பது நாழிகை, இரவும் முப்பது நாழிகை. அதாலதான் வருஷம் இண்டைக்குப் பிறக்குது.”

நான் சற்றும் யோசியாமல், “இல்லை அம்மப்பா, அது போன மாதம் இருபதாந் திகதியே முடிஞ்சு போச்சு” என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். “அப்ப நம்மட பஞ்சாங்கம் பிழை எண்டு சொல்றாயா?” என்று கேட்டார். எனக்கு விடை வரவில்லை. அன்று முழுவதும் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை.

சபையோரே, நான் சொன்ன திகதி சரிதான். ஆனால் சொன்ன முறை சரியன்று. முன்னொரு காலத்தில் எங்கள் வகுப்பிலே ஓர் ஆசிரியர், சூரியன் வடக்கே திரும்பி மூன்று கிழமை கழிந்த பின்னரே இந்துக்கள் அதற்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் மிச்சந்தான் வருடப்பிறப்பன்று என் வாயிலிருந்து வந்தது என்று பின்னர் உணர்ந்தேன். அம்மப்பா கேட்ட கேள்விக்குச் சரியான விடை தேடுவது என் கடனாயிற்று. அந்த விடையைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலிலே, பகலும் இரவும் ஏன் கூடிக் குறைகின்றன என்று பார்ப்போம். இதோ இந்தக் குத்துவிளக்கைச் சூரியன் என்று கொள்ளுங்கள். என் கையிலுள்ள இந்தத் தேங்காய் பூமி. தேங்காயின் கண்ணுள்ள முனையை வடதுருவம் என்க. பூமி தன்னைத்தான் ஒரு நாளைக்கு ஒரு முறை சுற்றுகிறது. சூரியனை ஓராண்டுக்கு ஒரு முறை சுற்றிவருகிறது. தேங்காயை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றிவந்தால், எப்பொழுதும் அதன் பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும் இருக்கும். எந்த ஊரிலும் எந்த நாளும் பகலும் இரவும் சமமாகவே இருக்கும். ஆனால் பூமி அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை. அதன் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருக்கிறது. அன்றியும் அந்தச் சாய்வு ஆண்டு முழுவதும் ஒரே திசையை, துருவ நட்சத்திரம் இருக்கும் திசையை, நோக்கியே இருக்கிறது.

இப்பொழுது தேங்காயைச் சாய்த்து, அதன் கண் எப்பொழுதும் மண்டபத்தின் வடக்குச் சுவரையே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றுகிறேன். இந்தப் பக்கம் நான் நிற்கும்போது கண்ணுள்ள பாதி விளக்கை நோக்கிச் சாய்கிறது. வடபாகத்தார்க்குப் பகல் நீளுகிறது. இது யூன் 21. எதிர்ப்பக்கம் போனால் அதே பாதி விளக்கைவிட்டு அப்பாற் சாய்கிறது. வடபாகத்தார்க்கு இரவு நீளுகிறது. இது டிசெம்பர் 21 அல்லது 22. இவ்விரண்டிற்கும் நடுவே இரண்டு இடங்கள் உண்டு. அங்கே தேங்காய் விளக்கை நோக்கியும் சாயவில்லை, அப்பாலும் சாயவில்லை, பக்கவாட்டிலே சாய்ந்து நிற்கிறது. வெளிச்சத்தின் எல்லை இரு முனைகளையும் தொட்டுச் செல்கிறது. ஆகவே எல்லா ஊரும் தன் சுழற்சியில் பாதியை ஒளியிலும் பாதியை இருளிலும் கழிக்கின்றது. அவையே மார்ச் 20 அல்லது 21, செப்டெம்பர் 22 அல்லது 23 ஆகிய நாட்கள். இவற்றையே நம் முன்னோர் விஷுவம் என்றனர். இருபுறமும் ஒத்தது என்னும் கருத்து அச்சொல்லிலே உண்டு. வருடப்பிறப்பைச் சித்திரை விஷு என்று நாம் வழங்குவதும், மலையாள நாட்டார் அதே நாளை விஷு என்றே கொண்டாடுவதும் அச்சொல்லின் வழி வந்தவையே.

இனி நமது மட்டக்களப்புக்கு வருவோம். நமது பட்டினம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகை 43 கலையில் இருக்கிறது. ரேகைக்கு இவ்வளவு அண்மையில் இருப்பதால், பகலின் ஏற்றத்தாழ்வு நமக்கு மிகச் சிறிது. யூன் 21ஆந் திகதி நமது பகல் ஏறத்தாழ 12 மணி 34 நிமிடம். டிசெம்பர் 21ஆந் திகதி ஏறத்தாழ 11 மணி 40 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் இல்லை. இலண்டன் மாநகரிலோ கோடையின் நெடும்பகல் பதினாறரை மணிக்கு மேல்; மாரியின் குறும்பகல் எட்டு மணிக்கும் குறைவு. விஷுவத்தை அடுத்த நாட்களில் அங்கே பகல் நாளொன்றுக்கு நான்கு நிமிடமளவு மாறுகிறது. இங்கே நாளொன்றுக்கு அரை நிமிடமும் மாறுவதில்லை. ஆகவே வாவியில் வலை வீசுபவரும் வயலில் வரம்பு கட்டுபவரும் இந்த நாளைப் பகலின் நீளத்தைக் கொண்டு உணர்ந்துகொள்ள இயலாது.

இன்னொரு புதுமையும் உண்டு. விஷுவ நாளிலே பகலும் இரவும் சமம் என்று புத்தகத்திலே படிக்கிறோம். ஆனால் அந்நாளில் சூரியன் எழுவதையும் படுவதையும் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், நமது பகல் 12 மணி 7 நிமிடமளவு இருக்கும். இரவைவிடப் பகல் ஏறத்தாழப் பதினான்கு நிமிடம் கூடுகிறது! காரணம் இரண்டு. சூரியனின் நடு கடலிலிருந்து மேலே வரும்வரை நாம் காத்திருப்பதில்லை. மேல்விளிம்பு தோன்றியவுடனே விடிந்தது என்கிறோம். மறைவதும் அப்படியே. இஃது ஒன்று. மற்றது, வளிமண்டலம் ஒளியை வளைக்கிறது. ஒரு சட்டிக்குள் காசொன்றைப் போட்டு, அது விளிம்புக்குப் பின்னே மறையும்வரை நகர்ந்து நில்லுங்கள். யாரேனும் சட்டியில் நீர் வார்த்தாற் காசு மீண்டும் கண்ணுக்குத் தெரியும். அதுபோல, அடிவானத்துக்குக் கீழே கிடக்கும் சூரியனையும் காற்று நமக்குத் தூக்கிக் காட்டுகிறது. இவ்விரண்டினாலும் காலையிலே மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலும், மாலையிலே அவ்வளவும் பகல் நீளுகிறது. ஆகவே கண்ணால் அளக்கும் பகலும் இரவும் மட்டக்களப்பிலே சரிசமமாவது மார்ச் முதல் வாரத்திலும் அக்டோபர் 9ஆந் திகதியளவிலுமே. அதாவது பங்குனி விஷுவத்துக்கு இரண்டு கிழமை முன்னரும், புரட்டாதி விஷுவத்துக்கு இரண்டு கிழமை பின்னரும் ஆகும்.

கடிகாரமும் நம்மைச் சற்று மயக்குகிறது. பங்குனி விஷுவத்தன்று இங்கே சூரியன் 6 மணி 7 நிமிடமளவில் எழுகிறது; மாலை 6 மணி 14 நிமிடமளவில் படுகிறது. புரட்டாதி விஷுவத்தன்றோ 5 மணி 52 நிமிடமளவில் எழுந்து 5 மணி 59 நிமிடமளவில் படுகிறது. இரண்டு நாளிலும் பகலின் நீளம் ஒன்றே. ஆனால் பகல் முழுவதும் கால்மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்ததுபோலிருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று. அதன் அச்சுஞ் சாய்ந்தது. ஆகவே சூரியன் உச்சிக்கு வரும் நேரம், சீராக ஓடும் கடிகாரத்துக்கு ஒருகால் முந்தியும் ஒருகால் பிந்தியும் வருகிறது. நமக்கு மாலை மிக வேகமாக இருட்டுவது மார்கழியில் அன்று. ஐப்பசிக் கடைசியில், நவம்பர் நடுப்பகுதியில், 5 மணி 41 நிமிடமளவிலாம். விடியல் மிகப் பிந்துவது தை மாதத்திலே 6 மணி 22 நிமிடமளவிலாம். நெடிய இரவு மட்டும் டிசெம்பர் 21இன் இரவே. பெரியோர்களுக்கு நினைவிருக்கும்: 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள், 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் பழைய நேரத்துக்கு வந்தார்கள். மணி மாறியதேயன்றிப் பகல் ஒரு வினாடியேனும் நீளவுமில்லை, குறையவுமில்லை. கடிகாரம் மனிதன் செய்த ஏற்பாடு. பகலோ பூமியின் நடை.

பகலின் நீளம் காட்டிக்கொடாத விஷுவத்தை எப்படிக் காண்பது? இந்த இடத்தில் அம்மப்பாவே எனக்கு ஆசிரியரானார்.

நமது முன்னோர் இந்த வாவியின் இரு கரைகளுக்கும் சூரியனை வைத்தே பெயரிட்டார்கள். ஒன்று எழுவான்கரை, மற்றது படுவான்கரை. உலகத்திலே எத்தனையோ ஊர்களுக்கு அரசர் பெயரும் மரத்தின் பெயரும் உண்டு. நமக்கோ சூரியன் எழும் கரையும் படும் கரையும் உண்டு. அம்மப்பா வாலிபத்தில் எழுவான்கரையிலிருந்து தோணியேறிப் படுவான்கரை வயலுக்குப் போய்வந்தவர். வருடப்பிறப்புக்குச் சில நாட்களின் பின் ஒரு மாலைப் பொழுதில் வாவிக்கரையில் அவர் பக்கத்தில் இருந்தேன். அவரே பேச்சைத் தொடங்கினார்.

“சூரியன் எல்லா நாளும் ஒரே இடத்திலயா படுகுது எண்டு நீ பார்த்திருக்கிறாயா? ஆனியில வடக்கே போய்ப் படும். மார்கழியில தெற்கே போய்ப் படும். அந்த மருதமரத்துக்குப் பின்னால படுறது பங்குனியிலயும் புரட்டாதியிலயுந்தான்.”

நான் வியந்துபோனேன். பங்குனியும் புரட்டாதியும்! விஷுவம் இரண்டும் விழும் மாதங்கள் அவையே. விஷுவ நாளிலேதான் சூரியன் நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் படுகிறது. அதன்பின் ஒவ்வொரு நாளும் நகர்ந்து, யூன் மாதத்தில் கிழக்குக்கு வடக்கே ஏறத்தாழ 23½ பாகையிலும் டிசெம்பர் மாதத்தில் தெற்கே அவ்வளவிலும் எழுகிறது. இரு கோடிக்கும் இடையே 47 பாகை. செங்கோணத்தின் பாதிக்கும் சற்று மேல். பகலின் நீளத்தில் ஒரு மணித்தியால மாற்றத்தையும் காணாத நாம், கல்லடிக் கடற்கரையிலே நின்றால் சூரியன் எழும் இடம் இவ்வளவு தூரம் நடமாடுவதைக் கண்ணாரக் காணலாம். நான் புத்தகத்திலே படித்ததை அவர் தோணியிலிருந்தே படித்திருந்தார். பங்குனி என்று அவர் வாயாலேயே வந்தது. ஆனால் அதையும் சித்திரை விஷுவையும் நாங்கள் இருவரும் அதுவரை சேர்த்துப் பார்க்கவில்லை.

செப்டெம்பர் 23ஆந் திகதி இருவரும் முற்றத்திலே ஒரு பரீட்சை செய்தோம். ஒரு மீற்றர் உயரமான நேர்க்கம்பு ஒன்றை, தூக்குநூல் பிடித்துச் செங்குத்தாக நட்டோம். இது புதிய வித்தையன்று. நமது சோதிட நூல்களிலும் சிற்ப நூல்களிலும் இதற்குச் சங்கு என்று பெயர். கோயில் கட்டும் ஸ்தபதிகள் திசை அறிய இதனையே நட்டார்கள். காலை எட்டு மணி தொடங்கி மாலை நான்கு மணிவரை, மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியிலே சுண்ணாம்பினாற் புள்ளி வைத்தோம். சூரியன் உச்சிக்கு வந்தபோது நிழல் வடக்கே ஏறத்தாழ 13½ சென்ரிமீற்றர் நீண்டிருந்தது. மாலையில் அம்மப்பா மேசன்மாரைப்போல ஒரு நூலைப் பிடித்து முதற் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை இழுத்தார். எல்லாப் புள்ளியும் நூலின் கீழே ஒரே நேர்கோட்டில் நின்றன. மேற்கிலிருந்து கிழக்குக்கு ஒரு கோடு.

ஆண்டிலே வேறெந்தக் காலத்திலும் அந்தக் கோடு இவ்வாறு நேராக அமைவதில்லை. மார்கழியில் வடக்குப் புறமாகவும் ஆனியில் தெற்குப் புறமாகவும் இருந்துகொண்டு வில்போல வளையும். டிசெம்பர் 21இல் உச்சிநேர நிழல் வடக்கே 60 சென்ரிமீற்றரளவு. யூன் 21இல் தெற்கே 28 சென்ரிமீற்றரளவு. நிழல் முற்றாகக் கம்பின் அடியில் ஒடுங்கிப்போகும் நாட்களும் இரண்டு உண்டு. மட்டக்களப்பிலே அவை ஏப்ரல் 9ஆந் திகதியளவிலும் செப்டெம்பர் 3ஆந் திகதியளவிலும் வரும். அன்று சூரியன் நமது தலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. வருடப்பிறப்பன்று அது இன்னும் வடக்கே போய்க் கிளிநொச்சிப் பக்கத்துக்கு உச்சியாகிறது. சித்திரைப் பிறப்பு நம் தேசத்துக்கு உச்சிச் சூரியனின் காலம். சம இராப்பகலின் காலம் அன்று. ஏப்ரல் 14இல் நமது பகல் 12 மணி 17 நிமிடம். இரவு 11 மணி 43 நிமிடம்.

அப்படியானால், விஷுவம் என்னும் பெயர் சித்திரை முதல் நாளுக்கு எப்படி வந்தது? அம்மப்பாவின் கேள்விக்கு உயிரான இடம் இதுவே.

பூமியின் அச்சு ஒரே திசையைப் பார்க்கிறது என்று முன்னர் சொன்னேன். ஒரு மனிதனின் வாழ்நாளுக்கு அது சரி. ஆனால் நூற்றாண்டுகளைக் கணக்கிட்டாற் சரியன்று. ஓய்ந்துவரும் பம்பரத்தின் தலை மெல்லச் சுற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படியே பூமியின் அச்சும் மிக மெல்லச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. அதனால் விஷுவத்தின்போது சூரியன் நிற்கும் இடம் நட்சத்திரங்களுக்கிடையே ஆண்டுக்கு 50 விகலையளவு பின்வாங்குகிறது; ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. இதனையே நமது நூலோர் அயன சலனம் என்றனர். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு முதல் ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் சூரியன் மேட ராசியிற் புகும் நாளும் விஷுவ நாளும் ஒன்றாக இருந்தன. அன்று சித்திரை விஷு உண்மையிலேயே சம இராப்பகல் நாள். இன்று இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 24 பாகை விலகல் உண்டு. அதுதான் அயனாம்சம். நாட்களிற் சொன்னால் இருபத்தைந்து நாட்கள்.

நமது பஞ்சாங்கம் ஆண்டை நட்சத்திரத்திலிருந்து எண்ணுகிறது. ஆங்கிலக் கலண்டர் ஆண்டை விஷுவத்திலிருந்து எண்ணுகிறது. முன்னைய ஆண்டு பின்னையதைவிட இருபது நிமிடமளவு நீளம். இருபது நிமிடம் எழுபத்திரண்டு ஆண்டிலே ஒரு நாளாகும். இதற்கு நம் சங்கத்தார் அனைவருக்கும் தெரிந்த சான்று ஒன்று சொல்கிறேன். சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி. அன்று மகர சங்கிராந்தி. இன்று நாம் தைப்பொங்கலை ஜனவரி 14 அல்லது 15இல் கொண்டாடுகிறோம். நூற்றறுபது ஆண்டிலே இரண்டு நாளுக்கு மேல் நகர்ந்துவிட்டது. வகுப்பிலே நாங்கள் சிரித்த அந்த மூன்று கிழமையின் இரகசியம் இதுதான். அது மூடத்தனம் அன்று. இரண்டு அளவுகோல்களின் வித்தியாசம்.

அன்றியும் இவ்விதப் பிசகு நமக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்தவர்கள் உயிர்த்த ஞாயிறு பெருநாளை மார்ச் 21ஐ விஷுவமாகக் கொண்டு, அதனையடுத்து வரும் பூரணையின் பின்னான ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுவர். பழைய உரோமக் கலண்டர் ஆண்டுக்குப் பதினொரு நிமிடம் பிசகியதால், பதினாறாம் நூற்றாண்டிலே உண்மையான விஷுவம் மார்ச் 11க்கு வந்துவிட்டது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி 1582ஆம் ஆண்டிலே அக்டோபர் 4ஆந் திகதிக்கு மறுநாளை 15ஆந் திகதி ஆக்கி அதனைத் திருத்தினார். இங்கிலாந்து அத்திருத்தத்தை ஏற்றது 1752இலேதான். உருசியத் திருச்சபையார் இன்றும் பழைய கணக்கின்படி கிறிஸ்து பிறப்பை ஜனவரி 7இல் கொண்டாடுகின்றனர். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சிரிக்கவும் கூடாது.

நமது முன்னோர் இந்த நகர்வை அறியாதவரா? அறிந்தே இருந்தனர். சூரிய சித்தாந்தம் அயன சலனத்துக்குக் கணக்குச் சொல்கிறது. மேருவிலே வாழும் தேவர்கள் சூரியன் மேடம் முதலிய ஆறு இராசிகளில் உலவும்போது அதனை இடைவிடாது காண்பர் என்றும் அது கூறுகிறது. வடதுருவத்திலே விஷுவத்தில் எழுந்த சூரியன் ஆறு மாதம் மறையாதிருக்கும் உண்மையன்றோ இது! ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், முன்னொரு காலத்தில் ஆயிலியத்தின் நடுவில் தொடங்கிய தட்சிணாயனம் தம் காலத்திலே கர்க்கடகத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டதை எழுதிவைத்தார். நூலிற் சொன்னதும் வானமும் வேறுபட்டால், கண்ணாரப் பார்த்துப் பரீட்சித்துத் தெளிக என்பது அவர் காட்டிய வழி. நூலை மதித்தவர், வானத்தையும் மதித்தவர்.

முற்றத்திலே கம்பு நட்ட அன்றிரவு அம்மப்பா தம் பெட்டியைத் திறந்து பழைய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்துவந்தார். அதிலே அகசு என்று ஒரு கணக்கு உண்டு. பகலின் அளவை நாழிகையிற் சொல்வது அது. முகூர்த்தம் பார்ப்பவர்க்கு அன்றி மற்றவர்க்கு அதிற் கண் போவதில்லை. விளக்கைக் கிட்டப் பிடித்துக்கொண்டு சித்திரை முதல் நாளைப் பார்த்தோம். அகசு முப்பது நாழிகையைத் தாண்டி நின்றது! பின்னே புரட்டிப் பங்குனி முதற் கிழமையைப் பார்த்தோம். அங்கேதான் முப்பது நின்றது. அம்மப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அப்ப பஞ்சாங்கம் பிழையில்ல மனே. நாமதான் அதை வாசிக்கல்ல” என்றார்.

சபையோரே, நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றே. பள்ளிக்கூடத்துப் பூகோளமும், முற்றத்துக் கம்பும், அம்மப்பாவின் மருதமரமும், பெட்டிக்குள் கிடந்த பஞ்சாங்கமும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. பிழை அவற்றில் இல்லை. வாசியாமலே பஞ்சாங்கத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் வழக்கத்திலும், வாசியாமலே அதனைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கத்திலுமே பிழை இருக்கிறது. முன்னையது பெரியோர் சிலரிடம் உண்டு. பின்னையது என்போன்ற இளைஞரிடம் உண்டு.

அப்படியானால் வருடப்பிறப்பையும் பொங்கலையும் மாற்றவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். அம்மப்பாவும் கேட்டார்: “இனிச் சித்திரைக்கு மருத்துநீர் வைக்கிறதில்லையா?” பாரத தேசத்திலே பேராசிரியர் மேகநாத சாஹாவின் தலைமையில் 1952இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, 1955இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன்படி 1957ஆம் ஆண்டு மார்ச் 22ஆந் திகதி, விஷுவத்தின் மறுநாளை ஆண்டின் முதல் நாளாகக் கொண்ட தேசியக் கலண்டர் நடைமுறைக்கு வந்தது. எனினும் சங்கிராந்திகளைக் கோயில்களும் குடும்பங்களும் பழைய கணக்கிலேயே இன்றும் கொண்டாடுகின்றன. நமது நாட்டிலோ வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையே வருடம் பிறக்கும் நேரமே வேறுபடுகிறது. ஆகவே நாளை மாற்றுவது நான்கு இளைஞர் கூடித் தீர்க்கும் காரியமன்று. என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், மாற்றவேண்டியதில்லை என்பேன். சூரியன் மேடத்திற் புகுவதும் வானத்திலே நடக்கும் நிகழ்ச்சியே. ஊர் கூடி நல்லெண்ணெய் வைத்துக் கைவிசேடம் கொடுத்துப் பெரியோரை வணங்கும் நாள், பகல் பதினேழு நிமிடம் கூடியதால் தன் புனிதத்தை இழந்துவிடாது. அம்மப்பாவுக்கும் அப்படியே சொன்னேன். வருகிற சித்திரைக்கும் அவர் கையால் மருத்துநீர் வாங்குவேன்.

ஆனால் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சித்திரை முதல் நாள் பகலும் இரவும் சமம் என்று அறநெறி வகுப்பிலே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை இனி நிறுத்துவோம். முன்னொரு காலத்தில் சமமாக இருந்த நாள் என்று சொல்லுவோம். அது உண்மை, உண்மையான பெருமையும் ஆகும். இரண்டாவது, நமது சங்கத்தின் முற்றத்திலே ஒரு சங்கு நடுவோம். மார்ச், யூன், செப்டெம்பர், டிசெம்பர் ஆகிய நான்கு மாதங்களிலும் இருபத்தோராந் திகதியளவில் பிள்ளைகள் நிழலைக் குறிக்கட்டும்; பெரியோர் நூல் பிடிக்கட்டும். செலவு ஒரு கம்பும் சிறிது சுண்ணாம்புமே. மூன்றாவது, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சூரியனைப் பார்த்தே விதைப்பும் வலைவீச்சும் செய்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த மாதத்தில் எந்த மரத்துக்குப் பின்னே சூரியன் படுகிறது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைப்போம். அவர்களோடு அது போய்விடக் கூடாது.

மிஷன் கல்லூரியிலே படித்தவன் சமயத்துக்கு அந்நியனாகிவிடுவான் என்று அஞ்சும் பெரியோர்க்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். காரைதீவிலே பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலே படித்து, இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்று, பின்னர் காவியுடுத்து, 1947இல் யாழ்நூலை நமக்குத் தந்து, கல்லடி உப்போடையிலே துயில்கின்ற சுவாமி விபுலாநந்தர் நம் கண்முன் நிற்கிறார். பழந்தமிழ் இசையைப் போற்றியதோடு நில்லாமல் அதனைக் கணக்கிட்டும் பார்த்தவர் அவர். அவர் சென்ற தடத்திலே, போற்றுவதையும் அளந்து பார்ப்பதையும் ஒருங்கே கற்றுக்கொள்வோம்.